கேரியரில் மாட்டிய நாலு லைட்டு

பேட்டரியைக் கழற்றாமல் நான் எதையும் தொடமாட்டேன் தம்பி. முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ். சிலபேர் ஸ்பேனரைத் தூக்கியதும் நேராகப் பிளஸில் போய் நிற்பார்கள். அப்படிப்பட்டவனிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். டீ சொல்லட்டுமா? வேண்டாமா, சரி. எப்படியும் மத்தியானம் ஆகிவிடும். நாலு லைட்டு, ஒரு ரிலே, ஒரு ஸ்விட்ச் என்றாலும் வயரை உள்ளே இழுத்து வருகிறதுதான் வேலை. எனக்கும் இன்றைக்கு வேறு ஜோலி கிடையாது.

ஜோலி கிடையாது என்றேனா? அது பொய். இன்றைக்கு என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. உங்கள் வண்டியில் போனால் கால்மணி நேரம்கூட ஆகாது. இந்த மலைமெட்டு ரோட்டில் இறங்கி, பாலம் தாண்டி இடதுபக்கம் மண்பாதை. எங்கள் மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் அங்கேதான். உச்சிக்கு முன்னால் நல்ல நேரம். நான் தாய்மாமன். தாய்மாமன் மடியில் வைத்துத்தானே பிள்ளைக்குக் காது குத்துவது? உங்களுக்குத் திண்டுக்கல் பக்கம் என்றீர்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மடி இங்கே உங்கள் பம்பருக்கு முன்னால் குந்தியிருக்கிறது. பிள்ளை இன்னும் கொஞ்ச நேரத்தில் வேறொருத்தன் மடியில் உட்காரப் போகிறாள்.

ஏன் என்று கேட்கமாட்டீர்கள். நாகரிகம் தெரிந்தவர். நானே சொல்கிறேன். வாய் சும்மா இருந்தால் எனக்குக் கை ஓடாது.

எல்லாம் லைட்டால் வந்தது. இல்லை, லைட்டால் வரவில்லை. லைட்டைச் சொல்லி ஆள்கள் பண்ணியது.

நான் ஓமனில் இருந்தேன். பாதி வயசு அங்கேதான் போயிற்று. எண்ணெய்க்குக் குழி தோண்டுகிறவர்களுக்கு முன்னால் சர்வே வண்டி போகும். அந்த வண்டிகளுக்கு லைட்டு மாட்டுகிற ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். கடைசியில் நான்தான் அங்கே ஃபோர்மேன். சின்ன வயசில் மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவன், அப்புறம் போடியில் தமிழ். இரண்டும் இருந்ததால் அங்கே பிழைக்க முடிந்தது. பாலைவனத்தில் ஒரே ஒரு விதிதான் தம்பி. விளக்கை அணைத்த வண்டி செத்த வண்டி. ஒருதடவை மணல்மேட்டு உச்சிக்கு அப்பால் ஒருத்தர் வண்டியை நிறுத்தி, பேட்டரி போய்விடுமே என்று விளக்கை அணைத்துவிட்டு டயருக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார். பெஷாவர்க்காரர், யூசுப்கான் என்று பெயர், எனக்கு ரொட்டி சுடச் சொல்லிக்கொடுத்தவர். பின்னால் வந்த வண்டி மேட்டில் ஏறிக் குதித்தது. நான்தான் போய் அவரைப் பார்த்தேன். அதற்கப்புறம் நான் மாட்டின ஒவ்வொரு லைட்டும் கூரைமேல்தான். உயரத்தில். நாலு பக்கமும் தெரிகிற மாதிரி. நாம் பார்க்கிறதைவிட நம்மை அடுத்தவன் பார்க்க வேண்டும். இதில் என்ன தப்பு சொல்லுங்கள்?

இந்தச் சிவப்பு வயரைக் கொஞ்சம் பிடியுங்கள். இழுக்க வேண்டாம், சும்மா பிடித்தால் போதும்.

திரும்பி வந்தபோது என் தங்கை மகளுக்கு ஐந்து வயசு முடியப்போகிறது. முல்லைக்கொடி என்று பெயர். காது மூளியாக இருந்தது. பொட்டப்பிள்ளைக்கு ஐந்து வயசு வரைக்கும் காது குத்தாமல் வைத்திருப்பார்களா? தெருவில் கேட்காத கேள்வி இல்லையாம். "என்ன தவமணி, ஒம் புருசனுக்குத் தோடு வாங்க வக்கில்லையா?" என்று குழாயடியில் ஒருத்தி கேட்டிருக்கிறாள். என் தங்கை சொன்னாளாம், "எங்கண்ணன் மடி வர்ற வரைக்கும் எம் பிள்ள காது மூளியாவே இருக்கட்டும்." நான் லீவைத் தள்ளித் தள்ளிப் போட, அவள் காதுகுத்தைத் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறாள். அப்படிப்பட்ட தங்கை. இதையும் சொல்லத்தான் வேண்டும். நான் ஒருபக்கமாகப் பேசுகிறவன் இல்லை. நான் வந்ததும் நாள் பார்த்தால், ஒற்றைப்படை வயசில்தான் குத்துவது என்று ஏழுக்குத் தள்ளினார்கள்.

மாப்பிள்ளை பெயர் வீரணன். ஜீப்பு ஓட்டுகிறவர். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பொம்பளைகளைக் காலையில் ஏற்றிக்கொண்டு மெட்டு தாண்டிப் போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வேலை. நான் வந்ததும் ஒரு பழைய ஜீப்பை வாங்கினேன். ஸ்டாண்டில் புது வண்டிக்கு முறை கொடுக்கமாட்டார்கள். மாப்பிள்ளைதான், "எம் மச்சான், எனக்குச் சேர வேண்டிய முறையில பாதி அவருக்கு" என்று சொல்லி உள்ளே விட்டார். நல்ல மனுசன். இப்போதும் சொல்கிறேன், நல்ல மனுசன். ஆனால் கொஞ்சம் பொறாமை.

பொறாமை என்று ஏன் சொல்கிறேன் என்றால், என் ஜீப்பில் நான் லைட்டு மாட்டினேன். அங்கேயிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது, நாலு. மேலே கேரியரில் வரிசையாக. ரிலே போட்டு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டு, எர்த் எடுக்கிற இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பளிச்சென்று இரும்பு தெரிந்த அப்புறம்தான் போல்ட்டை முடுக்கினேன். உங்கள் வண்டிக்கும் அப்படித்தான் செய்யப்போகிறேன். அந்த வயரிங்கில் இன்றைக்கு வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. மழையில் நனைந்தது, சகதியில் புரண்டது, ஒருநாள் மினுக்கவில்லை.

ஸ்டாண்டில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். ஒருத்தன் சொன்னான், "அண்ணே, நீங்க வாறப்ப எங்க தெருவுல கோழி எந்திரிச்சுக் கூவுதுண்ணே, விடிஞ்சிருச்சுன்னு." இன்னொருத்தன், "கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவீகளா?" என்றான். எதிரே வருகிற வண்டிக்காரர்களெல்லாம் என்னைப் பார்த்ததும் லைட்டை அணைத்து அணைத்துப் போடுவார்கள். நானும் ஒரு ஹாரன் அடித்துக் கும்பிட்டுவிட்டுப் போவேன். ஊரில் எனக்கு அவ்வளவு மரியாதை இருந்தது தம்பி, ஆரம்பத்தில்.

மாப்பிள்ளைக்குத்தான் பொறுக்கவில்லை. "மச்சான், இங்க மணல் இல்ல, மேகம். மேல இருந்து அடிச்சா மேகம்தான் வெளிச்சமா தெரியும். கீழ ரெண்டு மஞ்ச லைட்டு போதும்" என்றார். நான் சிரித்தேன். அவர் வண்டியில் இருந்த இரண்டு ஹெட்லைட்டும் ரேஷன் மண்ணெண்ணெய்ச் சிமினி விளக்கு மாதிரி. மஞ்சள் கண்ணாடித் தாளை ஒட்டி வைத்திருப்பார், மிட்டாய் சுற்றுகிற தாள். ஒருநாள் காலையில் பார்த்தால் என் நாலு லைட்டிலும் அந்தத் தாள் ஒட்டியிருக்கிறது. எனக்கு எப்படி இருக்கும்? கண்ணாடியில் கீறல் விழக்கூடாதே என்று நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. தங்கை வீட்டுக்காரர் ஆயிற்றே.

தங்கை அப்படி இல்லை. அவள் பழைய பட்டுச்சேலை ஒன்றை வெட்டி, நாடா வைத்து, நாலு லைட்டுக்கும் உறை தைத்துக் கொடுத்தாள். "அண்ணே, மேல போனதும் மாட்டி விட்டுருங்க, கழட்டாதீங்க" என்றாள். தூசி படக்கூடாதாம். எவ்வளவு அக்கறை பாருங்கள். காலையில் கிளம்பும்போது நான் மறக்காமல் கழற்றி மடித்து டேஷ்போர்டில் வைத்துவிடுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாட்டிவிடுவேன். என் வண்டி நிற்கிறபோது சேலை கட்டிக்கொண்டு நிற்கும் என்று முல்லைக்கொடி கைதட்டிச் சிரிப்பாள்.

இப்போது அந்தக் கறுப்பு ரப்பர் வளையத்தை எடுங்கள். அதுதான். தகரத்தில் ஓட்டை போட்டு வயரை அப்படியே விட்டால் ஓரம் அறுத்துவிடும். ஓட்டையில் வளையம், வளையத்துக்குள் வயர். நோகாமல் போக வேண்டும்.

மெட்டுக்கு மேலே எஸ்டேட் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. பாதை ஒரு வண்டிக்குத்தான் இருக்கும். ஏறி வருகிறவன் வளைவு முனைக்கு முன்னால் இரண்டு தரம் ஹாரன் அடிப்பான். இறங்குகிறவன் அதைக் கேட்டால் இருக்கிற இடத்தில் ஒதுங்கி நின்று, லைட்டை அணைத்துவிட வேண்டும். பார்க் லைட்டு மட்டும் இருக்கலாம். ஏறுகிறவன் தாண்டிப் போன அப்புறம்தான் இறங்கலாம். பழைய காலத்து வழக்கம். யார் ஏற்படுத்தினார்களோ. எனக்கு அதில் பாதி சம்மதம். ஒதுங்கி நிற்பேன். அதில் நான் ஒருநாளும் தவறினதில்லை. ஆனால் லைட்டை அணைக்கமாட்டேன். மாப்பிள்ளை இரண்டு மூன்று தடவை சொன்னார். "மச்சான், ஹாரன் கேட்டா மட்டும் அணைச்சிருங்க. மத்த நேரம் ஊரையே கொளுத்துங்க, நான் கேக்கல." நான் யூசுப்கான் கதையைச் சொன்னேன். அவர் கேட்டார். முழுசாகக் கேட்டார். "பாவம்" என்றார். அப்புறம், "ஆனா மச்சான், அவரு நின்னவரு. இங்க ஆளு ஏறி வருவான்" என்றார். பாலைவனத்தையே பார்க்காத ஆள்.

போன ஆடியில் நடந்தது. மழையில்லை, மேகம். மத்தியானம் சாப்பிட்ட அப்புறம் இறங்க ஆரம்பித்தது. அந்த மேகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஏலச்செடிக்குள் புகுந்து தரையோடு வரும். கங்காணி வேலையை நிறுத்திவிட்டு, "கிளம்புங்க கிளம்புங்க" என்று அனுப்பிவிட்டார். என் வண்டியில் பொம்பளைகள் நிறைய. மிச்சம் ஆள்கள் தோட்டத்தில் நிற்கிறார்கள். மாப்பிள்ளை அன்றைக்கு மெட்டில் வண்டியைப் போட்டுவிட்டு இருந்தார்; அவருக்குப் போன் போட்டு வரச்சொன்னார்கள். அவர் காலி வண்டியோடு ஏறி வருகிறார். நான் லோடோடு இறங்குகிறேன். இதுதான் சங்கதி.

நாலு லைட்டும் எரிகிறது. எனக்கு முன்னால் வெள்ளை. வேட்டியை விரித்துக் கட்டினமாதிரி வெள்ளை. நான் வண்டியை ஊர்ந்துதான் விட்டேன். பின்னால் ராக்கம்மா என்று ஒரு பெரிய மனுசி, அவள்தான் எப்போதும் டெயில்போர்டு ஓரமாக உட்காருவாள், "தம்பி, வெளிச்சத்தக் கொறை, ரோடு தெரியல" என்றாள். டிரைவர் நான், ரோடு தெரிகிறதா இல்லையா என்று அவள் சொல்கிறாள். முனை வருகிறது. இரண்டு ஹாரன் கேட்டது.

நான் நின்றேன். இதைக் கவனிக்க வேண்டும் தம்பி. மலைப்பக்கமாக ஒதுங்கி, ஹேண்ட்பிரேக் போட்டு நின்றேன். ஹாரனுக்குப் பதில் ஹாரனும் அடித்தேன், வா, நான் நிற்கிறேன் என்று. லைட்டு எரிந்தது, ஆமாம். எரியாமல்? நான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? மாப்பிள்ளை முனை திரும்பினார். திரும்பினதும் ஒரு நொடி அவர் முகம் தெரிந்தது. கையை இப்படித் தூக்கினார், எனக்குக் கை காட்டுகிறார் என்று நானும் கை காட்டினேன். அப்புறம் வண்டி நேராகப் பள்ளத்தைப் பார்த்துப் போனது. திருப்பவே இல்லை. அவசரமாக ஒரு வேலைக்குப் போகிறவன் மாதிரி போனது.

என் வண்டி அவர் வண்டியைத் தொடவே இல்லை. ஒரு கீறல் கிடையாது. இதை நான் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சொல்வேன்.

இறங்கி ஓடினேன். ஒன்றும் தெரியவில்லை. நாலு லைட்டையும் பள்ளத்துப் பக்கம் திருப்புகிற மாதிரி வண்டியை வளைத்து நிறுத்தினேன். அவ்வளவு வெளிச்சம். அத்தனையும் வெள்ளையாக நிற்கிறது. பள்ளம் எங்கே, செடி எங்கே, வண்டி எங்கே, ஒன்றும் இல்லை. "மாப்ள, மாப்ள" என்று கத்துகிறேன். பின்னால் பொம்பளைகள் இறங்கிக் கூப்பாடு போடுகிறார்கள். "அணை, அணை, அந்த எழவ அணை" என்று ராக்கம்மா கத்துகிறாள். ஆபத்து நேரத்தில் யாராவது வெளிச்சத்தை அணைக்கச் சொல்வார்களா? பதற்றத்தில் வாய்க்கு வந்தது பேசுவது. அவளே வந்து, வண்டிக்குள் கையை விட்டு, ஸ்விட்சைத் தட்டிவிட்டாள். அந்த நேரம் பார்த்து மேகம் கொஞ்சம் விலகியிருக்கிறது, அதிர்ஷ்டம். ஜீப்பு தெரிந்தது. இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே ஒரு வெள்ளோக்கு மரத்தில் முட்டி நிற்கிறது. எவ்வளவு பக்கத்தில்! மாப்பிள்ளை உள்ளே ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, "மச்சான், கால் வரல" என்கிறார். சத்தமே இல்லாமல் சொல்கிறார்.

இடுப்பு எலும்பும் இடது காலும். உயிர் தப்பியது. மதுரையில் வைத்துத் தகடு போட்டார்கள். ஊன்றுகோல் இல்லாமல் இன்னும் நடக்க முடியவில்லை. இடது கால் என்றால் கிளட்ச் கால், தெரியுமில்லையா? ஜீப்பை விற்றாயிற்று. இப்போது அடிவாரத்தில் டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சர் கடையில் உட்கார்ந்திருக்கிறார். உங்களை இங்கே அனுப்பினது யார் என்று சொல்லவே இல்லையே. நேற்றைக்குக் கம்பு ஊன்றின ஒருத்தர் சொன்னாரா? நினைத்தேன். வருகிற ஆளையெல்லாம் என்னிடம்தான் அனுப்புகிறார், "வயரிங்னா எங்க மச்சான்தான்" என்று. மனசு குத்துகிறது அவருக்கு. வேறென்ன?

குத்தத்தான் செய்யும். ஏனென்றால் அவர் வாயாலேயே சொன்னது இருக்கிறது. போலீஸ் வந்து ஆஸ்பத்திரியில் கேட்டது. நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன். "எதிர்ல வந்த வண்டியினாலயா?" என்று ஏட்டு கேட்கிறார். மாப்பிள்ளை என்னை ஒரு தடவை பார்த்தார். "இல்லைங்கய்யா. எம் மச்சான் ஒதுங்கித்தான் நின்னாரு. ஸ்டியரிங் இழுத்துருச்சு. பழைய வண்டி" என்றார். கேட்டுக்கொண்டீர்களா? பழைய வண்டி. ஸ்டியரிங் இழுத்துவிட்டது. ஓட்டினவரே சொல்கிறார். அப்புறமும் ஊர் என்னைச் சொன்னால்?

ஊர் சொன்னது. வாயைத் திறந்து யாரும் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். காலையில் வண்டியை ஸ்டாண்டில் போடுகிறேன், பொம்பளைகள் என்னைத் தாண்டிப் போய் அடுத்த வண்டியில் ஏறுகிறார்கள். அங்கே இடம் இல்லை, படியில் தொங்குகிறார்கள், என் வண்டி காலியாக நிற்கிறது. ராக்கம்மாவைக் கேட்டேன். "ஏன் ஆத்தா, என் வண்டில முள்ளா இருக்கு?" அவள், "முள்ளு இல்ல தம்பி. எங்களுக்கு வீட்டுல பிள்ளைக இருக்கு" என்றாள். என்ன பேச்சு அது? எனக்கு மட்டும் இல்லையா? எனக்கு உண்மையிலேயே இல்லைதான், அது வேறு.

அப்புறம்தான் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இந்தக் கொட்டகையைப் போட்டேன். உங்களை மாதிரி மலையேற ஆசைப்பட்டு வண்டி வாங்குகிறவர்கள் வருகிறார்கள். வேலை தெரிந்தவனுக்கு வேலை இருக்கும். அது போகட்டும்.

வயர் நுனியில் மாட்டுகிற இந்த லக்கை நன்றாக நசுக்க வேண்டும், பாருங்கள், இப்படி. இழுத்துப் பார்த்தால் வரக்கூடாது. வந்தால் அது வேலையே இல்லை.

போன வாரம் தவமணி வந்தாள். அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துத்தான் கொண்டுவந்தாள், முறை மாறாமல். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை, தோடு, மாலை, தேங்காய்ப்பழம், சீர்த்தட்டு எத்தனை எடுக்கலாம் என்று நான் பேசிக்கொண்டே போகிறேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே, "வாங்கண்ணே. சீர் கொண்டாங்க. முன்னால நில்லுங்க. ஆனா மடியில அழகுமல வச்சுக்கிடட்டும்" என்றாள். அழகுமலை எங்கள் சித்தப்பா மகன். கம்பத்தில் உரக்கடை. பிள்ளையை அவன் மொத்தமாக நாலு தடவை பார்த்திருந்தால் அதிகம்.

"மாப்ள சொல்லிவிட்டாரா?" என்றேன்.

"அவரா? அவரு ஒங்க மடியிலதான் வைக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே என்னவோ போல் ஆகிவிட்டது, ஒற்றைக்கால் என்றது. அப்புறம், "நாந்தான் வேணாங்கேன்" என்றாள்.

"நான் என்ன பண்ணினேன் தவமணி?"

"லைட்ட அணைச்சிருக்கணும்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. ஊருக்கு வேணாம். அவருக்கிட்டகூட வேணாம். என்கிட்ட சொல்லுங்க. பிள்ளையத் தூக்கி ஒங்க மடியில வச்சிட்டுப் போறேன்."

நான் எப்படிச் சொல்வேன் தம்பி? பிரியமுள்ள தங்கை, ஒரே தங்கை. அவளுக்காகப் பொய் சொல்லலாம் என்றால், இது என்ன சின்னப் பொய்யா? சொன்னால் என்ன ஆகும்? அன்றைக்கு நான்தான் அவரைத் தள்ளினேன் என்று ஆகும். என் தங்கை புருசன் காலை நானே எடுத்தேன் என்று ஆகும். அப்படி ஒன்றை ஒத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் தலையை எப்படிப் பிடிப்பேன்? காது குத்தும்போது தலை அசையாமல் பிடிக்க வேண்டும். அதற்குத்தானே மாமன் மடி.

"அவரு போலீஸுக்கிட்டயே சொன்னாரு, ஸ்டியரிங் இழுத்துருச்சுன்னு" என்றேன்.

அவள் என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். "ஆமாண்ணே. சொன்னாரு" என்றாள். எழுந்து போய்விட்டாள். தட்டைத் திரும்ப எடுத்துப் போகவில்லை. அங்கே மேஜைமேல் இருக்கிறது பாருங்கள், வெற்றிலை காய்ந்துபோய்.

சரி. உங்களுக்கு எங்கே மாட்டட்டும்? நாலையும் மேலே கேரியரில்? பம்பரிலா? கீழேயா? மஞ்சளா? யார் சொன்னது உங்களுக்கு, கம்பு ஊன்றினவரா? உங்கள் வண்டி, உங்கள் இஷ்டம். நான் மாட்டித்தருகிறேன். என் வேலை மாட்டுகிறதுதான். ஆனால் ஒன்று, ஒருநாள் நீங்களே வந்து மேலே மாற்றச் சொல்வீர்கள்.

போன் அடிக்கிறதா? என் கையெல்லாம் கிரீஸ். யார் பெயர் வருகிறது? மாப்பிள்ளையா. எடுங்கள், ஸ்பீக்கரில் போடுங்கள், அந்தப் பானட்மேல் வையுங்கள்.

"மச்சான், எங்க இருக்கீக?"

"வேலையா இருக்கேன் மாப்ள."

"ஆசாரி வந்து ஒக்காந்துட்டாரு. நேரம் போகுது. கெளம்பி வாங்க, இவ கெடக்கா, நான் பாத்துக்கிடுறேன். பிள்ள, மாமா எங்க மாமா எங்கன்னு பந்தல்ல ஒரு ஆளு விடாம கேட்டுக்கிட்டுத் திரியுது."

"தவமணிக்கிட்டக் குடுங்க."

இருங்கள் தம்பி, கொஞ்சம் அசையாமல் இருங்கள். மேளச் சத்தத்தில் கேட்கவில்லை.

"அண்ணே."

"சொல்லு."

"நான் சொல்ல என்ன இருக்கு. நீங்கதான் சொல்லணும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஆசாரிய இருக்கச் சொல்றேன்."

"என் வண்டி தொடவே இல்ல தவமணி."

மேளம்தான் கேட்கிறது.

"கேக்குதா? தொடவே இல்ல."

"கேக்குதுண்ணே. சரிண்ணே."

வைத்துவிட்டாளா? இல்லையா? அப்படியே எங்கேயோ வைத்துவிட்டாள் போல. அணைக்க மறந்துவிட்டாள். மேளம் நின்றுவிட்டது பாருங்கள். அது அழகுமலை குரல். காலை மடக்கி உட்காரத் தெரியவில்லை அவனுக்கு, யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள். "தலையப் புடிப்பா, தலையப் புடி" என்கிறார் ஆசாரி. இறுக்கிப் பிடிக்கக்கூடாது. நாடியில் ஒரு கை, உச்சியில் ஒரு கை, அவ்வளவுதான். பிள்ளையிடம் ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேசமாட்டேன் என்கிறான், தடியன்.

குத்திவிட்டார்கள்.

அழட்டும். அழாமல் எந்தப் பிள்ளை காது குத்திக்கொண்டது. "மாமா" என்றுதான் அழுகிறாள், கேட்கிறதா உங்களுக்கு? அவனையும் மாமா என்றுதானே கூப்பிடுவாள். அவனாகத்தான் இருக்கும்.

வேண்டாம் தம்பி, அணைக்காதீர்கள். இன்னொரு காது இருக்கிறது.